ஸ்ப்ரே கன் வரை தண்ணீர் வராமல் காற்றுக் குழாயை அமைப்பது எப்படி

பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கும்போது கன் ஒரு நொடி 'புஸ்' என்று துப்பும். பளபளப்பான பரப்பில் கடுகளவு குழிகள் விழும். உடனே பலரும் செய்வது, குழாயில் இன்னொரு பில்டர் மாட்டுவது. இரண்டு நாள் சரியாக இருக்கும், மூன்றாம் நாள் மறுபடி துப்பும். பில்டர் மோசமில்லை. அதற்கு முடியாத வேலையை அதனிடம் கொடுத்திருக்கிறோம்.

துளியாக வரும் தண்ணீரைத்தான் பில்டர் பிடிக்கும். ஆவியாக வருவது அதன் வழியே சாவகாசமாகக் கடந்து, ஹோஸுக்குள் போய்க் குளிர்ந்து, அங்கே துளியாகும். அதனால் முதலில் காற்றைக் குளிர வைக்க வேண்டும், பிறகு துளியைப் பிடிக்க வேண்டும். கீழே உள்ளதெல்லாம் இந்த வரிசையைக் காப்பாற்றுவதற்கான வழிகள்தான்.

எவ்வளவு தண்ணீர்?

30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். அன்றைக்கு ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் அதில் 21 கிராம் இருக்கிறது. அழுத்த மீட்டரில் 7 பார் காட்டும் கம்ப்ரசர், 8 கன மீட்டர் காற்றை ஒரு கன மீட்டருக்குள் அடைக்கிறது. எட்டு பங்கு காற்றோடு எட்டு பங்கு நீராவியும் உள்ளே வந்துவிடுகிறது: 170 கிராம். ஆனால் அந்த ஒரு கன மீட்டர் இடம் 30 டிகிரிக்குக் குளிர்ந்ததும் 30 கிராம் ஆவியைத்தான் வைத்துக்கொள்ளும். மீதி 140 கிராம் தண்ணீராகியே தீரும். எங்கே ஆகிறது என்பதைத்தான் நாம் தீர்மானிக்க முடியும்.

10 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 10 கன அடி), அதாவது நிமிடத்துக்குச் சுமார் 280 லிட்டர் காற்று தரும் சாதாரண கம்ப்ரசர் இப்படிப்பட்ட நாளில் நிற்காமல் ஓடினால், மணிக்கு 300 மில்லி தண்ணீர் பிரியும். ஒரு பெரிய தம்ளர் நிறைய. சின்ன பில்டரின் கிண்ணத்தில் 30 முதல் 50 மில்லிதான் நிற்கும். மொத்தத் தண்ணீரும் அதற்கே வந்தால் பத்து நிமிடத்தில் நிரம்பிவிடும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சூடு என்ன செய்கிறது என்று பாருங்கள். பிஸ்டன் கம்ப்ரசரின் தலையிலிருந்து வெளியேறும் காற்று 100 டிகிரியைத் தாண்டியிருக்கும். டேங்கில் கொஞ்சம் ஆறும். ஆனால் கம்ப்ரசர் இடைவிடாமல் ஓடினால் டேங்கிலிருந்து வெளிவரும் காற்றே 50, 60 டிகிரியில் இருக்கும். 60 டிகிரியில் ஒரு கன மீட்டர் 130 கிராம் ஆவியைத் தாங்கும். அந்த 170 கிராமில் பெரும்பகுதி ஆவியாகவே டேங்கைத் தாண்டிப் போகிறது என்று அர்த்தம். டேங்க் வாயிலேயே திருகிய பில்டரில் ஒரு துளிகூட இல்லை, ஹோஸில் மட்டும் தண்ணீர் என்று குழம்புபவர்களுக்குப் பதில் இதுதான்.

கம்ப்ரசரிலிருந்தே தொடங்குங்கள்

கன் கேட்கும் காற்றைவிட கம்ப்ரசர் தருவது தாராளமாக இருக்க வேண்டும். எச்விஎல்பி (அதிகக் காற்று, குறைந்த அழுத்தம்) கன்கள் பொதுவாக நிமிடத்துக்கு 230 முதல் 400 லிட்டர் வரை குடிக்கும். உங்கள் கன்னின் அளவு அதன் தாளில் இருக்கும். கம்ப்ரசர் அதைவிட ஒன்றரை மடங்கு தரக்கூடியதாக இருந்தால், நடுவில் நின்று இளைப்பாறும், டேங்கும் ஆறும். சரிக்குச் சரியான கம்ப்ரசர் நிற்கவே நிற்காது. தலை கொதிக்கும், காற்று கொதிக்கும், எத்தனை பில்டர் போட்டாலும் தண்ணீர் கன்னுக்கு வரும். பெரிய கம்ப்ரசர் வாங்க முடியாவிட்டால், குறைந்த காற்றில் ஓடும் எல்விஎல்பி கன்னுக்கு மாறுவது மூன்று பில்டர் வாங்குவதைவிடப் பயன் தரும்.

காற்றை உறிஞ்சும் வாய் நிழலில், குளிர்ச்சியான இடத்தில் இருக்கட்டும். பெயிண்ட் அடிக்கும் அறைக்குள் கம்ப்ரசரை வைக்க வேண்டாம். தின்னர் ஆவி நிறைந்த அறையில் மோட்டார் சுவிட்சின் ஒரு பொறி போதும், தீப்பிடிக்க.

டேங்கில் அழுத்தத்தைக் கூடுதலாக வைத்து, கடைசியில் ரெகுலேட்டரில் குறைப்பது நல்லது. அழுத்தம் ஏற ஏற டேங்கிலேயே அதிகத் தண்ணீர் பிழியப்படும். 30 டிகிரியில் 7 பார் டேங்க் வெளியே விடும் ஒவ்வொரு கன மீட்டர் சாதாரணக் காற்றிலும் சுமார் 3.8 கிராம் ஆவி மிஞ்சும். 10 பாரில் அது 2.8 கிராம். டேங்கின் தகட்டில் பொறித்திருக்கும் அதிகபட்ச அளவைத் தாண்டக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

டேங்க் அடியில் உள்ள டிரெய்ன் வால்வைத் தினமும் திறக்க வேண்டும். வேலை முடிந்ததும், டேங்கில் 1 முதல் 2 பார் மிச்சம் இருக்கும்போது, மெல்லத் திறங்கள். முதலில் துருநிறத் தண்ணீர் விட்டு விட்டுச் சீறும். பிறகு மோர் போல வெளுத்த திரவம் வரும். எண்ணெயும் தண்ணீரும் கலந்தது அது, சாக்கடையில் விடாமல் பழைய டப்பாவில் பிடியுங்கள். சத்தம் ஒரே சீராக மாறி வெறும் காற்று வந்தால் முடிந்தது. முழு அழுத்தத்தில் திறந்தால் தண்ணீர் தரையெல்லாம் தெறிக்கும். அழுத்தமே இல்லாமல் திறந்தால் சேறு உள்ளேயே தங்கிவிடும். டேங்கின் மறுமுனைக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு கொடுத்து, டிரெய்ன் பக்கம் லேசாகச் சாயும்படி வைத்தால் கடைசிச் சொட்டும் வரும்.

குனிந்து கையை விட்டுத் திருக வேண்டிய வால்வை யாரும் தினமும் திறக்க மாட்டார்கள். அதை எடுத்துவிட்டு, அரை மீட்டர் குழாய் வைத்து, கைக்கு எட்டும் இடத்தில் ஒரு பால் வால்வு போடுங்கள். டைமர் வைத்த தானியங்கி டிரெய்ன் இன்னும் நிம்மதி. 15 நிமிடத்துக்கு ஒருமுறை 2, 3 விநாடி திறந்தால் போதும். மிதவை வைத்த வகை, துருவும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒருமுறை கையால் அழுத்திப் பார்க்காவிட்டால் அது வேலை செய்கிறதா என்பதே தெரியாது. தண்ணீர் தேங்கிய டேங்க் உள்ளிருந்தே அரிக்கும் என்பதால், பெயிண்ட் அடிக்காதவர்களுக்கும் இந்த வேலை உண்டு.

குளிர வைக்கும் இடம்

இதற்கு மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் சேர்த்தும் செய்யலாம்.

சிறந்த இடம் கம்ப்ரசர் தலைக்கும் டேங்குக்கும் நடுவில். அங்கே ஒரு ஆஃப்டர்கூலர், அதாவது இறக்கை வைத்த குழாயும் அதன்மேல் ஊதும் ஒரு மின்விசிறியும் வைத்தால், டேங்குக்குள் நுழையும் காற்று அறை வெப்பத்தைவிட 10 டிகிரி அளவே கூடுதலாக இருக்கும்படி செய்யலாம். தண்ணீரில் பெரும்பகுதி டேங்கிலேயே விழுந்துவிடும். டேங்க் மிகப் பெரிய தண்ணீர்ப் பொறியாக மாறிவிடுகிறது. டேங்க் வாயில், காற்று திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வை அகற்றக் கூடாது. கூலர் அதற்கு முன்னால் வர வேண்டும். போடும் கூலர் கம்ப்ரசரின் உச்ச அழுத்தத்தையும் அந்தச் சூட்டையும் தாங்குவதாக இருக்க வேண்டும். செம்புக் குழாயில் செய்தால், இந்தப் பகுதியில் ஈயப் பற்றவைப்பு வேண்டாம், சூட்டில் இளகும். வெள்ளிப் பற்றவைப்போ ஃபிளேர் பிட்டிங்கோ போடுங்கள். கம்ப்ரசர் நின்றதும் வரும் 'உஸ்' சத்தம் முன்பைவிடக் கொஞ்சம் நீளும். குழாயின் கொள்ளளவு கூடியதால்தான், பழுது இல்லை.

இரண்டாவது, டேங்குக்குப் பிறகு சுவரில் ஏறி இறங்கும் குழாய் ஏணி. 20 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள செம்பு, அலுமினியம் அல்லது ஜிஐ குழாயைச் சுவரில் 2 மீட்டர் உயரத்துக்கு மேலே, கீழே, மேலே, கீழே என்று நாலைந்து முறை ஓட்டுங்கள். ஒவ்வொரு அடிவளைவிலும் எல்போவுக்குப் பதில் டீ (மூன்று வாய் இணைப்பு) போட்டு, அதன் கீழ்வாயில் 15 முதல் 30 சென்டிமீட்டர் குழாயும் ஒரு பால் வால்வும் வையுங்கள். செம்பும் அலுமினியமும் சூட்டைச் சீக்கிரம் வெளியே விடும். ஜிஐ தாங்கும், ஆனால் காலப்போக்கில் உள்பூச்சு உதிர்ந்து செதிலாக வரும். பின்னால் உள்ள பில்டரை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும்.

பிவிசி குழாய் வேண்டவே வேண்டாம். தண்ணீருக்கு இவ்வளவு பார் தாங்கும் என்று அதன்மேல் அச்சிட்டிருப்பது காற்றுக்குப் பொருந்தாது. அழுத்தக் காற்று ஸ்பிரிங் போலச் சக்தியைச் சேர்த்துவைத்திருக்கும். சூட்டில் பலமிழந்தோ நாளாகி மொறுமொறுப்பாகியோ பிவிசி வெடித்தால், கூரான சில்லுகளாகப் பறக்கும்.

குழாயின் விட்டத்தில் கஞ்சத்தனம் ஏன் கூடாது என்பதற்கு ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 350 லிட்டர் குடிக்கும் கன்னுக்கு, 7 பாரில் 20 மில்லிமீட்டர் குழாய் வழியே காற்று விநாடிக்கு 2.3 மீட்டர் வேகத்தில் போகும். நின்று நிதானித்துப் போகும் காற்று அது. துளி சுவரில் ஒட்டி, வழிந்து, அடிவளைவில் வைத்த வடிகுழாய்க்குப் போய்ச் சேரும். அதே காற்று 10 மில்லிமீட்டர் ஹோஸில் விநாடிக்கு 9 மீட்டருக்கு மேல் ஓடும். அந்த வேகத்தில் துளிக்குக் கீழே விழ நேரமில்லை. காற்று அதை இழுத்துக்கொண்டே கன்னுக்குப் போய்விடும். ரெகுலேட்டருக்குப் பிறகு அழுத்தம் குறைந்ததும் வேகம் இன்னும் கூடும்.

மூன்றாவது, சின்னப் பட்டறைக்கும் எப்போதாவது அடிப்பவருக்கும்: ஐஸ் வாளி. 12 மில்லிமீட்டர் செம்புக் குழாய் 15 மீட்டரைச் சுருளாகச் சுற்றி, ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் மூழ்க வையுங்கள். வெறும் ஐஸ் கட்டி குழாயைச் சரியாகத் தொடாது, தண்ணீர் இருந்தாக வேண்டும். காற்று மேலே நுழைந்து கீழ்நோக்கியே போய் வெளியேறட்டும். சுருளில் எங்கும் மேடு பள்ளம் இருந்தால் பள்ளத்தில் தண்ணீர் சேர்ந்து, அவ்வப்போது ஒரு கட்டியாகத் துப்பும். வெளியேறும் காற்று 10 டிகிரியில் இருந்தால் அதில் கன மீட்டருக்கு 9.4 கிராம்தான் ஆவி. அது ஹோஸில் போய் 30 டிகிரி அறை வெப்பத்துக்குத் திரும்பும்போது அதன் ஈரப்பதம் 31 சதவீதமாகச் சுருங்கிவிடும். அந்த ஹோஸில் தண்ணீர் சேர வழியே இல்லை.

இதில் ஒரே நிபந்தனை: வாட்டர் செபரேட்டர் (துளியைப் பிரித்துப் பிடிக்கும் கிண்ணம்) வாளியை ஒட்டியே இருக்க வேண்டும். மூன்று மீட்டர் தள்ளி மாட்டினால், வழியில் காற்று சூடாகி, துளிகள் மறுபடி ஆவியாகி, செபரேட்டரைத் தாண்டிப் போய்விடும். காற்று எங்கே அதிகக் குளிராக இருக்கிறதோ அங்கேதான் பிடிக்க வேண்டும்.

குழாய் ஓட்டும் முறை

கம்ப்ரசரிலிருந்து சுவர்க் குழாய்க்கு நேரடி இரும்பு இணைப்பு கொடுத்தால் அதிர்வில் மூட்டு விரிசல் விடும். சூடு தாங்கும் ஒரு வளையும் ஹோஸ் துண்டு நடுவில் வரட்டும்.

மெயின் குழாய் மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவோடு, காற்று போகும் திசையில் இறங்க வேண்டும். கடைசி முனையில் ஒரு டிரெய்ன். கன்னுக்கான கிளையை மெயின் குழாயின் அடியிலிருந்து எடுப்பது எல்லோரும் செய்யும் தப்பு. குழாயின் அடியில்தான் தண்ணீர் ஓடுகிறது. அது நேராகக் கிளைக்குள் இறங்கிவிடும். டீயை மேல்நோக்கித் திருப்பி, இரண்டு எல்போ போட்டு, அன்னப்பறவையின் கழுத்து போல வளைத்துக் கீழே இறக்குங்கள். இறங்கும் குழாயில், தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில் பக்கவாட்டு டீ வைத்து, அதிலிருந்து பில்டருக்கு எடுங்கள். டீக்குக் கீழே 30 சென்டிமீட்டர் குழாய் நீண்டு, பால் வால்வோடு முடியட்டும்.

கம்ப்ரசருக்கும் முதல் பில்டருக்கும் நடுவே குழாய் நீளம் குறைந்தது 7.5 மீட்டர் இருக்கட்டும். ஆஃப்டர்கூலர் இருந்தால் இது குறைந்தாலும் பரவாயில்லை. இல்லாவிட்டால் 15 மீட்டர்கூட அதிகமில்லை. குழாய் மேல் கை வைத்துப் பாருங்கள்: கம்ப்ரசர் அரை மணி ஓடிய பிறகும் பில்டர் இருக்கும் இடத்தில் குழாய் வெதுவெதுப்பாகத் தெரிந்தால், பில்டர் தப்பான இடத்தில் இருக்கிறது.

மூட்டுகளுக்கு டெஃப்ளான் டேப் சுற்றும்போது முதல் மரையை விட்டுச் சுற்றுங்கள். இல்லையென்றால் பிய்ந்த இழை பயணித்து, கன்னின் மூக்கில் உள்ள ஏர் கேப்பின் துளையில் போய் உட்காரும். சிலிக்கான் கிரீஸ், சிலிக்கான் பசை, சிலிக்கான் ஸ்ப்ரே எதையும் இந்தக் குழாய் பக்கமே கொண்டுவராதீர்கள். பெயிண்ட் ஒட்டாமல் வட்டமாக விலகும் மீன்கண் குழிக்கு அதைவிட நிச்சயமான விதை கிடையாது. (உலர்த்தியில் போடும் சிலிக்கா ஜெல் வேறு பொருள். பெயர் ஒலியைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.)

பில்டர்கள், அவற்றின் வரிசை

காற்று போகும் திசையில்: வாட்டர் செபரேட்டர், 5 மைக்ரான் தூசி பில்டர், 0.01 மைக்ரான் கோலெசிங் பில்டர், தேவைப்பட்டால் உலர்த்தி, கடைசியில் ரெகுலேட்டர். செபரேட்டர் காற்றைச் சுழற்றித் துளியைச் சுவரில் வீசும். கோலெசிங் பில்டர் புகை போல மிதக்கும் எண்ணெய்த் துகளையும் நுண்துளியையும் சேர்த்துப் பெரிதாக்கிக் கீழே வடிக்கும். இதற்கு முன்னால் தூசி பில்டர் இல்லாவிட்டால் துரு போய் அடைத்து, உள்ளே இருக்கும் விலை கூடிய வடிகட்டி உறை சீக்கிரம் வீணாகும். பில்டர்கள் ரெகுலேட்டருக்கு முன்னால் வருவதற்குக் காரணம், அழுத்தம் அதிகமுள்ள இடத்தில்தான் தண்ணீர் அதிகமாகப் பிரிந்து நிற்கும், காற்றும் மெதுவாக ஓடும்.

உடலில் உள்ள அம்புக்குறியைப் பார்த்து மாட்டுங்கள். கோலெசிங் உறையில் காற்று உள்ளிருந்து வெளியே போக வேண்டும். தலைகீழாக மாட்டினால் சும்மா மாட்டியது போல்தான்.

எண்ணெய் விடும் லூப்ரிகேட்டர் சேர்ந்த மூன்று கிண்ண செட் பெயிண்ட் குழாயில் இருக்கவே கூடாது. நியூமேடிக் ரெஞ்சு ஓட்டிய ஹோஸும் அப்படித்தான். அதன் உள்சுவரில் ஊறிய எண்ணெய் மாதக்கணக்கில் வந்துகொண்டிருக்கும். பெயிண்டுக்கென்று ஒரு ஹோஸ் ஒதுக்கி, வேறு நிறத்தில் வாங்கிவிட்டால் யாரும் மாற்றி எடுக்க மாட்டார்கள்.

கிண்ணத்துக்குள் நடுவில் ஒரு தட்டு தெரியும். அதற்குக் கீழே காற்று அசையாது. தண்ணீர் அமைதியாக நிற்கும். நீர்மட்டம் அந்தத் தட்டைத் தொட்டதும் சுழல்காற்று அதைக் கிளப்பி வெளியே அள்ளிக்கொண்டு போகும். பிடித்து வைத்ததை மொத்தமாகத் திருப்பித் தருகிறது. கன் நன்றாக அடித்துக்கொண்டிருந்து திடீரென்று கொப்புளிப்பதற்கு இது மிகச் சாதாரணமான காரணம். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் கிண்ணத்தை ஒருமுறை பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

பிளாஸ்டிக் கிண்ணத்தைத் தின்னரால் கழுவக் கூடாது. பாலிகார்பனேட்டில் மயிரிழை விரிசல் விழுந்து, அழுத்தத்தில் வெடிக்கும். சோப்புத் தண்ணீர் போதும். தின்னர் ஆவி சூழ்ந்த இடத்தில் உலோகக் கிண்ணமோ, உலோகக் கூடு போட்ட கிண்ணமோதான் சரி. பில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் 0.5 பாரைத் தாண்டினால் உறையை மாற்றுங்கள்.

கன்னின் கைப்பிடியில் திருகும் உருண்டை பில்டரைப் பற்றி ஒரு வார்த்தை. கடைசிக் காவலாக அது நல்லது. அதை மட்டும் நம்புவது, வாசல் கதவில்லாத வீட்டில் பீரோவைப் பூட்டுவது போல.

உலர்த்தி எப்போது வேண்டும்

செபரேட்டரைத் தாண்டி வரும் காற்றில் துளி இல்லை, ஆனால் ஆவி நிரம்பி நிற்கிறது. அதற்குப் பிறகு ஹோஸ் குளிர்ந்த சிமெண்ட் தரையில் கிடந்து காற்று 35 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு இறங்கினால்கூட, ஒவ்வொரு கன மீட்டர் அழுத்தக் காற்றிலிருந்தும் 9 கிராம் தண்ணீர் பிரியும். ரெகுலேட்டரில் அழுத்தம் குறைவதால் கொஞ்சம் தப்பிக்கிறோம். 7 பாரிலிருந்து 2 பாருக்கு இறக்கினால் அதே ஆவி இரண்டரை மடங்கு இடத்தில் பரவுகிறது. சாதாரண எனாமலுக்கும் ப்ரைமருக்கும் இந்தத் தப்பிப்பே போதும். ஹோஸைத் தரையில் போடாமல் கொக்கியில் தூக்கி மாட்டினால் இன்னும் நல்லது.

2கே பாலியூரிதேன், அதாவது ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பெயிண்ட், அப்படி விடாது. அதன் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் தண்ணீரோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வாயு உண்டாகும். படலத்துக்குள் நுண்குமிழியாக அது தங்கி, கிளியர் கோட் மங்கும், ஊசித்துளை விழும். இப்படிப்பட்ட வேலையை வாடிக்கையாகச் செய்பவர்கள் உலர்த்தி வைப்பதே சரி.

ரெஃப்ரிஜரேட்டட் டிரையர் காற்றை 3 டிகிரி வரை குளிரவைத்துத் தண்ணீரை வடித்துவிடும்; கன மீட்டருக்கு 6 கிராம்தான் மிஞ்சும். அதன் தகட்டில் உள்ள கொள்ளளவு, உள்ளே வரும் காற்று 35 அல்லது 38 டிகிரி என்று வைத்துச் சொல்வது. 50 டிகிரி காற்றைக் கொடுத்தால் ஏறக்குறைய பாதி வேலைதான் நடக்கும். முன்னால் ஆஃப்டர்கூலர் வேண்டும், அல்லது ஒரு அளவு பெரிதாக வாங்க வேண்டும். வேலை தொடங்குவதற்கு 10, 15 நிமிடம் முன்பே ஓட விடுங்கள்.

சிலிக்கா ஜெல் உலர்த்தி விலை குறைவு, ஆனால் பசி அதிகம். ஒரு கிலோ ஜெல் நம்பிக்கையாக 100 கிராம் தண்ணீர் குடிக்கும் என்று வையுங்கள். மேலே சொன்ன 350 லிட்டர் கன்னுக்கு, 30 டிகிரியில் வரும் காற்று மணிக்கு 80 கிராம் ஆவியைக் கொண்டுவரும். ஜெல் ஒன்றேகால் மணி நேரம் தாங்கும். காற்று 45 டிகிரியில் வந்தால் மணிக்கு 170 கிராம். 35 நிமிடத்தில் ஜெல் தீர்ந்தது. ரெஃப்ரிஜரேட்டட் டிரையருக்குப் பின்னால் வைத்தால் அதே ஒரு கிலோ ஆறு மணி நேரம் வரும்.

துளித் தண்ணீர் நேராகப் பட்டால் ஜெல் மணிகள் பொறிபோல வெடித்துத் தூளாகும். எனவே செபரேட்டரும் கோலெசிங் பில்டரும் கட்டாயம் முன்னால். பின்னால் ஒரு தூசி பில்டர். எண்ணெய் படிந்த ஜெல் பழுப்பாகிவிடும், அதை உலர்த்திப் பயனில்லை, கொட்டிவிட வேண்டியதுதான். ஆரஞ்சிலிருந்து பச்சையாக மாறும் வகையை வாங்குங்கள். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. நிறம் மாறியதைத் தட்டில் இரண்டு விரல்கடை உயரத்துக்குப் பரப்பி, 120 டிகிரி அவனில் இரண்டு, மூன்று மணி நேரம் வைத்து, ஆறியதும் காற்றுப்புகாத டப்பாவில் மூடுங்கள். சமைக்கும் அவனை இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

எவ்வளவு உலர்த்தினாலும் இந்தக் குழாய்க் காற்று மூச்சுக்கு உரியதல்ல. காற்று ஊட்டும் முகமூடிக்கு அதற்கென்றே உள்ள தனி அமைப்பு வேண்டும்.

அடிப்பதற்கு முன் கண்ணாடிச் சோதனை

காலையில் முதல் வேலையாக, ராத்திரி ஹோஸில் தங்கிக் குளிர்ந்த ஈரத்தை வெளியேற்றுங்கள். ஹோஸின் கன் முனையைக் கழற்றி, தரையைப் பார்த்துப் பிடித்து, ஒரு நிமிடம் காற்றை விட்டால் போதும்.

சோதனையை அப்போது செய்யாதீர்கள். குளிர்ந்த கம்ப்ரசர் எல்லாச் சோதனையிலும் பாஸாகிவிடும். கன்னை மாட்டி, பெயிண்ட் திருகை முழுதும் மூடி, வெறும் காற்றாக 20 நிமிடம் ஓட்டுங்கள். கம்ப்ரசர் சூடேறியதும், தின்னரால் துடைத்துக் காய்ந்த முகக்கண்ணாடியை 15 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்து, இரண்டு நிமிடம் அதன்மேல் ஊதுங்கள். நிறுத்தியவுடன் கண்ணாடியைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். மூச்சு விட்டதுபோல மங்கலாகவோ புள்ளிபுள்ளியாகவோ தெரிந்து ஒரு நிமிடத்தில் மறைந்தால் தண்ணீர். மறையாமல் வளையமாக நின்று, விரல் வைத்தால் இழுபட்டால் எண்ணெய். கோலெசிங் உறையையும் கம்ப்ரசரின் பிஸ்டன் ரிங்கையும் சந்தேகப்படுங்கள்.

குறை எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது

எல்லாப் பழியையும் குழாய் மேல் போடுவதற்கு முன் அறையைப் பாருங்கள். என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கர் அடித்து, சில நிமிடத்தில் பரப்பு முழுதும் ஒரே சீராகப் பால் பூத்தது போல வெளுத்தால், அது குழாய்த் தண்ணீர் இல்லை. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, அறையில் உள்ள ஈரம் அதன்மேல் படிகிறது. உலகிலேயே விலை கூடிய டிரையர் வைத்திருந்தாலும் இது வரும். மெதுவாக உலரும் ரிட்டார்டர் தின்னர் சேர்க்க வேண்டும், அல்லது ஈரம் குறையும் நேரம்வரை காத்திருக்க வேண்டும். பொருளின் பரப்பு வெப்பம், அறையின் பனிநிலையை (காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பத்தை) விடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருந்தால்தான் அடிக்கலாம்.

குழாய்த் தண்ணீர் சீராக வராது. அங்கொன்றும் இங்கொன்றுமாக, கன் போன பாதையில் வரிசையாகப் புள்ளி வைக்கும். பெரும்பாலும் அடிக்கத் தொடங்கி அரை மணி ஆன பிறகே, கம்ப்ரசர் சூடேறியதும் தொடங்கும். வட்டப் பள்ளமாக, அடிப்பரப்பு தெரியும்படி பெயிண்ட் விலகி நிற்கும் மீன்கண் பெரும்பாலும் எண்ணெய் அல்லது சிலிக்கான். வாரங்கள் கழித்து எழும்பும் கொப்புளத்தைக் குத்தினால் தண்ணீர் கசிந்தால், ஈரம் படலத்துக்கு அடியில் அடைபட்டிருந்தது. குழாயிலிருந்தும் வந்திருக்கலாம், நீரில் தேய்த்த பட்டி காய்வதற்குள் ப்ரைமர் அடித்ததாலும் வந்திருக்கலாம்.

அடிக்கும்போதே துளி விழுந்தால் உடனே நிறுத்துங்கள். அதன்மேல் இன்னொரு கோட் அடித்து மூடப் பார்ப்பதும், ஈரப் பெயிண்டைத் துணியால் துடைப்பதும் கையளவு கெட்டதைக் கதவளவு ஆக்கும். கிண்ணத்தையும் டேங்கையும் வடித்து, கம்ப்ரசரை அரை மணி ஆற விடுங்கள். புள்ளி விழுந்த கோட் முழுதாக இறுகியதும் 600 அல்லது 800 எண் தாளால் அந்த இடத்தைத் தேய்த்து, குழி மறைந்ததும் துடைத்து, மறுபடி அடியுங்கள். கொப்புளம் என்றால் தேய்ப்பது போதாது. ஈரம் இருந்த அடுக்குவரை சுரண்டி, காயவைத்து, ப்ரைமரிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்த கோட்டுக்கு முன் கண்ணாடிச் சோதனையை இன்னொருமுறை செய்யுங்கள், இந்தத் தடவை 20 நிமிடம் இல்லை, 40 நிமிடம் ஓட்டிய பிறகு.